மடை தானாக மாறாது: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

'திட்ட நிதி மடைமாறியது' என்று நீங்கள் தலைப்பு வைக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வயல்தான் நினைவுக்கு வரும். ஒரு வயல் நிறைந்ததும் அப்பா அந்த மடையை மண்ணள்ளிப் போட்டு அடைத்துவிட்டு அடுத்த வயலுக்கு வெட்டி விடுவார், அதற்குப் பேர்தான் மடை மாற்றுவது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்தவர் முறையில், ராத்திரி போய் வெட்டி விட்டால்தான் தப்பு. அப்போதும் ஊரார் கேட்பது இரண்டு கேள்விதான்: வெட்டியது யார், தண்ணீர் யார் வயலில் பாய்ந்தது?

உங்கள் செய்தியில் இந்த இரண்டுக்கும் பதில் இருப்பதில்லை. 'மாறியது' தன்வினை, தானாக நடந்தது போல இருக்கிறது. 'மாற்றப்பட்டது' என்று எழுதினாலும் செய்தவர் ஒளிந்துகொள்கிறார். 'மாற்றினார்' என்று எழுதுங்கள், அப்போதுதான் எழுவாய் தேட வேண்டிவரும்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்லா? வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்கள் பற்றி ரிசர்வ் வங்கி 2015-இல் வெளியிட்ட சுற்றறிக்கையைப் பாருங்கள். நடைமுறை மூலதனத்துக்கென்று, அதாவது அன்றாடத் தொழில் செலவுக்கென்று வாங்கிய குறுகிய காலக் கடனை, ஒப்பந்தத்தை மீறி நீண்ட காலச் சொத்தில் போட்டால் அது ஒரு வகை. தொழிலுக்கே தொடர்பில்லாத காரியத்துக்கு, நிறுவனத்தின் நிதி நிலைமை கெடும்படி பணத்தை வெளியே இழுத்தால் அது வேறு வகை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். நம்மிடமும் இருக்கிறதே! முதலாவது மடைமாற்றம், இரண்டாவதைச் சுருட்டல் என்று சொல்லலாம். பொறுப்பில் இருப்பவரே எடுத்துக்கொண்டால் கையாடல்.

அரசுப் பணத்திலும் இதே குழப்பம். ஒரே மானியக் கோரிக்கைக்குள், அதாவது ஒரு துறையின் செலவுக்காகச் சட்டமன்றத்திடம் கேட்டு வாங்கிய தொகைக்குள், ஒரு கணக்குத் தலைப்பில் மிஞ்சியதை இன்னொரு கணக்குத் தலைப்புக்குக் கொண்டுபோக விதிப்படியே வழி உண்டு, அதற்கு மறு நிதியொதுக்கம் என்று பெயர். ஒரு மானியத்திலிருந்து இன்னொரு மானியத்துக்குப் போக வேண்டுமானால் சட்டமன்றத்திடம் வர வேண்டும். முதலாவதை ஊழல் போலச் செய்தித் தலைப்பில் போட்டுவிட்டு, மாணவர் விடுதிக்கு ஒதுக்கிய பணம் நிஜமாகவே வேறு எதற்கோ போகும் நாளில் அதே சொல்லைப் போட்டால் படிப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை இந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்கும் முன், எந்தக் கணக்கிலிருந்து, எந்தக் கணக்குக்கு, யார் கையெழுத்தில் என்ற மூன்றும் முதல் பத்தியில் இருக்கிறதா என்று உங்கள் செய்தியாளரைக் கேளுங்கள். இல்லையென்றால் செய்தியை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்