பவர் சப்ளைக்கு ஒரே வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்தர கேமிங் கம்ப்யூட்டருக்குப் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கிராபிக்ஸ் கார்டு பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசரைப் பரிந்துரைத்ததும் சரியே. அதன் 96 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) விளையாட்டுகளுக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. ஆனால் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பவர் சப்ளையை மிச்சமிருக்கும் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் மனதுக்கு ஒப்பவில்லை.

நானும் அப்படித்தான் செய்தேன். ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டை வாங்கி, பழைய 650 வாட் பவர் சப்ளையிலேயே மாட்டினேன். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் மொத்த கம்ப்யூட்டரும் பட்டென்று அணைந்துவிடும். நீலத்திரை வராது, பிழைச் செய்தியும் வராது. டிரைவரை மாற்றினேன், விண்டோஸை மறுபடி போட்டேன், மெமரியைக் கழற்றி மாட்டினேன். மூன்று வாரம் இதே பாடு. கடைசியில் நண்பரிடம் ஒரு நல்ல பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டினேன். அன்றோடு நின்றது.

அந்தக் கார்டு சராசரியாக இழுப்பது 320 வாட்தான். ஆனால் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்கு அதைவிட வெகு மேலே எகிறி இறங்கும். பழைய பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று இதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. 2022இல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரவிதி இதற்காகவே இத்தகைய திடீர் ஏற்றங்களைத் தாங்கச் சொல்கிறது. பவர் சப்ளை பெட்டியில் இருக்கும் '80 பிளஸ் கோல்ட்' முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே காட்டும். பலர் அதைத் தரச்சான்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

இப்போதைய ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 575 வாட் வரை இழுக்கிறது. 12 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 48 ஆம்பியர். பவர் சப்ளை கேபிளைக் கார்டில் சொருகும் இணைப்பானில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஆறு பின்கள் வழியாக அத்தனையும் போக வேண்டும். இணைப்பான் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும், சில பின்களில் மட்டும் சுமை ஏறி, சூடேறி, பிளாஸ்டிக் உருகக்கூடும். 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் இப்படிப் பலருடைய இணைப்பான் உருகியது. அப்புறம்தான் முழுதாகச் சொருகியிருக்கிறதா என்று கண்டறிய உதவும் உணர்வுப் பின்களைக் குட்டையாக்கி இணைப்பானைத் திருத்தினார்கள்.

அதனால் கேபினெட் வாங்கும்போது கார்டின் நீளத்தோடு அகலத்தையும் அளக்க வேண்டும். கேபிள் இணைப்பானிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டராவது நேராக வந்த பிறகே வளைய வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கவாட்டுக் கண்ணாடி கேபிளை அழுத்தி, இணைப்பானைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பும். நான் இப்போது மாட்டியதும் டார்ச் அடித்து, விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை மூடுகிறேன்.

இன்னொன்று: 6000 வேக மெமரி வாங்கியவர்கள் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை), மெமரியை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்போ அமைப்பை இயக்காவிட்டால், அது குறைந்த வேகத்திலேயே ஓடும். இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த இதழில் பவர் சப்ளைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். சரியாகச் சொருகிய இணைப்பானையும் அரைகுறையாகச் சொருகியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போட்டால், முதல்முறை கட்டுபவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்