தம்பி, அந்த 3,199 வெள்ளி லேப்டாப் பற்றி

தம்பி,

வியாழக்கிழமை இரவு ராணுவ கேம்ப்பிலிருந்து நீ அனுப்பிய லிங்க்கைப் பார்த்தேன். 3,199 வெள்ளி. விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிகிறது, மூடியில் ஏதோ புலி கீறிய மாதிரி ஒரு படம், 2.6 கிலோ என்பதை மட்டும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு சிராங்கூன் ரோட்டில் லைட் போட்ட மாதிரி இருக்கு என்றார். தேசிய சேவையில் நீ சேர்த்த காசு, அதனால் வாங்காதே என்று உத்தரவு போட மாட்டேன். ஆனால் 15 வருடமாக ஹெல்ப்டெஸ்கில் உட்கார்ந்து அடுத்தவர்களுடைய லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்கிற உன் அம்மா நான், சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதலில் எடை. பல்கலைக்கழகத்துக்குப் போக தெம்பனிஸில் ஏறினால் பூன் லே வரை ஒரே ரயில், இறங்கி 179 பஸ், காலையில் அந்த பஸ்ஸில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். அங்கேயே ஹாலில், அதாவது மாணவர் விடுதியில், தங்கினாலும் லெக்சர், டுட்டோரியல், லைப்ரரி, கேண்டீன் என்று நாள் முழுக்க உன் முதுகில் கிடக்கப் போவது இதுதான். அந்த 2.6 கிலோ லேப்டாப் மட்டும்; கூடவே செங்கல் மாதிரி ஒரு சார்ஜர் வரும், அதை எடுக்காமல் போனால் மத்தியானத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். ஃபீல்ட் பேக் தூக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு எடையா என்பாய். அதைத் தூக்கச் சொன்னது சார்ஜென்ட், இதை நாலு வருடம் நீயாகத் தூக்க வேண்டும்.

கேம்ப்பில் உன்னோடு தங்கும் பங்க் மேட் மேக்புக்தான் நல்லது என்கிறானாமே. நல்லதுதான், அவன் பிசினஸ் படிக்கப் போகிறான், நீ மெக்கானிக்கல். சாலிட்வொர்க்ஸ் மாதிரி டிசைன் மென்பொருள்கள் சில விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதப்பட்டிருக்கின்றன. விண்டோஸிலேயே ஏஆர்எம் சிப் போட்டவை வருகின்றன, பேட்டரி அருமையாக நிற்கும், ஆனால் இன்ஜினியரிங் மென்பொருள் பலவும் அதில் தகராறு செய்யும், அதனால் இன்டெல் அல்லது ஏஎம்டி என்று பார்த்து வாங்கு. 14 அங்குலம், ஒன்றரை கிலோவுக்குள், தற்காலிக நினைவகமான ராம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. மெல்லிசு லேப்டாப்களில் ராமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள், அப்புறம் கூட்டவே முடியாது. கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி அப்படியில்லை, பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், ஆகவே காசு இடித்தால் எஸ்எஸ்டியில் குறை, ராமில் குறைக்காதே. யுஎஸ்பி-சியில் சார்ஜ் ஏற வேண்டும், சார்ஜரை மறந்துவிட்டுப் போகும் நாளில் (நீ மறப்பாய்) பக்கத்தில் இருப்பவனிடம் வாங்கிக்கொள்ளலாம். கனமான டிசைன் வேலைக்குப் பல்கலைக்கழகத்திலேயே கம்ப்யூட்டர் லேப் இருக்கும். இதற்கெல்லாம் 1,800 வெள்ளி என் கணக்கில் தாராளம்.

கேம்ப்பில் யாராவது பழையதை 400 வெள்ளிக்குத் தருகிறேன் என்றால் விண்டோஸ் 11 ஏறுமா என்று மட்டும் கேள். 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

கடைக்கு நானும் வருகிறேன். சிம் லிம்மும் பார்ப்போம், ஃபுனானும் பார்ப்போம் (பழைய ஃபுனானில்தான் நானும் அப்பாவும் முதல் கம்ப்யூட்டர் வாங்கினோம், 2016ல் மூடி 2019ல் திறந்த பிறகு எனக்கு அங்கே வழியே தெரிவதில்லை). அதற்கு முன்னால் தயாரிப்பாளர்களின் இணையக் கடையில் மாணவர் விலையைப் பார்த்து வைத்துக்கொள். கடைக்காரர் விலை சொன்னால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்க வேண்டும், வாய் திறந்து கேட்க வெட்கப்படக் கூடாது. ஃபோன் கவர், மவுஸ், பை இலவசம் என்பார்கள். அது வேண்டாம், மூன்று வருட வாரண்டி என்ன விலை, கீழே விழுந்தால் அதில் சேருமா, அதைக் கேட்போம்.

வாங்கின அன்றே கேம் இறக்காதே. முதல் நாள் முழுக்க அப்டேட் ஓடட்டும், நாலைந்து முறை அணைந்து எழும். கூடவே வரும் ட்ரையல் ஆன்டிவைரஸை நீக்கிவிடு, விண்டோஸில் இருக்கிற டிஃபெண்டர் போதும். ஆஃபிஸுக்குக் காசு கட்டாதே, மாணவர் மின்னஞ்சல் வந்ததும் அதோடு கிடைக்கும். தமிழ் விசைப்பலகையையும் போட்டுவிடு, விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது. 1997ல் நா. கோவிந்தசாமி ஐயா முன்னின்று தமிழ் இணையத்துக்கு மாநாடு கூட்டிய சிங்கப்பூரில் பிறந்துவிட்டு, அம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் 'சாப்டாச்சா' அனுப்புகிறாய்.

அப்புறம் அந்த 48 இலக்கம். புது விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து நுழைந்தால் உன்னைக் கேட்காமலே உள்ளே இருப்பதையெல்லாம் பூட்டிவிடும். நல்ல ஏற்பாடு, திருடினவனுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் ஒரு நாள் ஏதாவது அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரை வந்து ரெக்கவரி கீயை, அதாவது அந்த 48 இலக்கத்தை, கேட்கும். உன் கணக்கில்தான் அது பத்திரமாக இருக்கும், கணக்கின் பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு? என் மேசைக்கு முன்னால் ஐம்பது வயது மனிதர்கள் நின்று அழுது பார்த்திருக்கிறேன். தாளில் எழுதி ஒன்றை என்னிடம் கொடு.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ரெண்டு வயதிலிருந்து நாலு வயது வரை உன் படம் ஒன்றுகூட இல்லையே என்று போன வருடம் கேட்டாய், கேமரா தொலைந்துவிட்டது என்றேன். பொய். கேமரா தொலையவில்லை. 2009ல் பழைய கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று எல்லாப் படங்களையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தேன். பத்து நாள் கழித்து அது மேசையிலிருந்து கீழே விழுந்தது. இடுப்பு உயரம்கூட இல்லை. மாட்டிப் பார்த்தால் டிக் டிக் என்று சத்தம் மட்டும். மீட்டுத் தரும் கடையில் 1,400 வெள்ளி கேட்டார்கள், அதுவும் உறுதி இல்லை என்றார்கள். அந்த வருடம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. நீ நடந்தது, உன் பாட்டி மடியில் சோறு வாங்கினது, சாங்கி கடற்கரையில் மணலைத் தின்றது எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பாட்டியின் படங்களும்.

அதனால்தான் நீ ஸ்பெக் ஸ்பெக் என்று அனுப்பும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த லேப்டாப்பும் ஒரு நாள் போகும், பேப்பர் சமர்ப்பிக்கும் முந்தின இரவாகப் பார்த்துப் போகும். 3,199 வெள்ளியில் மிச்சமாகும் காசில் ஒரு 1 டெராபைட் வெளி டிஸ்க் வாங்கு. அதை ஹாலுக்குக் கொண்டுபோகாதே, இங்கே டிவிக்குக் கீழே இருக்கட்டும். சனி ஞாயிறு அழுக்குத் துணி மூட்டையோடு வருவாய்தானே, மெஷினில் துணியைப் போடும்போதே டிஸ்கையும் மாட்டிவிடு, துணி காய்வதற்குள் முடிந்துவிடும். இணையத்தில் ஒரு பிரதியும் வை, ஆனால் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் வைக்காதே, படிப்பு முடிந்தால் அந்தக் கணக்கும் முடியும்.

சனிக்கிழமை எத்தனை மணிக்கு புக் அவுட் என்று சொல், பூகிஸ் எம்ஆர்டியில் நிற்கிறேன். பழைய டிஸ்க் என் அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. உனக்கு ஓஆர்டி ஆகி சேவை முடிந்ததும் நல்ல கடையாக ஒன்று விசாரித்துக் கொண்டுபோவோம். செலவு என்னுடையது.

அம்மா