கம்பியைத் தளர்த்திய கை

கணபதி, கோவை
2025 ஆகஸ்ட் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, தங்கச்சி, பாப்பா எல்லோரும் சௌக்கியம்தானே? உன் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். "இன்னும் அந்தப் பாட்டெல்லாம் கேக்கறயா? நான் விட்டு ரொம்ப வருசமாச்சு" என்று எழுதியிருந்தாய். நம் ஹெவி மெட்டல் பாட்டைத்தானே சொல்கிறாய்? கேட்கிறேன். காலேஜ் நாளில் கேட்டதைவிட இப்போதுதான் அதிகம் கேட்கிறேன்.

ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிளாக் சாபத் குழு கடைசியாக மேடையேறியது உனக்கும் தெரிந்திருக்கும். பழைய ஆட்கள் நாலு பேரும் 20 வருடம் கழித்து ஒன்றாக நின்றார்கள். பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மட்டும் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே பாடினார். அவர் வளர்ந்த ஆஸ்டனில் இருக்கிற மைதானம் அது. பதினேழே நாளில், 22-ஆம் தேதி, போய்ச் சேர்ந்துவிட்டார். செய்தி வந்தபோது பட்டறையில் பம்ப்செட் ஷாப்ட் கடைந்துகொண்டிருந்தேன். லேத்தை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆனால் நினைப்பெல்லாம் கிட்டார்க்காரர் டோனி அயோமி மேல் போனது, அங்கிருந்து அப்பாவிடம் போய் நின்றுவிட்டது.

பங்குனியில் அப்பா தவறியபோது நீ போன் செய்தாய். அன்றைக்கு என்னால் எதுவும் பேச முடியவில்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் முதல் கணு கிடையாது, உனக்கே தெரியும். பவர் பிரஸ்ஸில் போனது. அதைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. நாலைந்து வருடம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் நான் சாபத் வைத்திருந்தேன். உள்ளே வந்தவர், "என்ன சாமி இது, மிசின் ஓடற மாதிரி இருக்குது" என்றார். நிஜமாகவே மெசின் ஊரில் பிறந்ததுதான் என்று சொல்லி, அயோமி கதையைச் சொன்னேன். தகரம் வெட்டுகிற தொழிற்சாலை, 17 வயது, அதுவும் வேலையை விட்டு நிற்கிற கடைசி நாள். இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கை வலது கை. அந்தக் கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி போய்விட்டன. இனி கிட்டார் வாசிக்க முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தொழிற்சாலை மேனேஜர் ஒருவர், தீயில் கை வெந்து இரண்டே விரலில் வாசித்த ஜாஸ் கிட்டார்க்காரர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கேட்டுவிட்டு அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார்.

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "பிளாஸ்டிக்கு தேஞ்சு போயிருமே சாமி. பித்தளையில கடைஞ்சு போட்டிருந்தா நின்னிருக்குமல்லோ?"

மாப்ள, என் இருபது வருட ரசனையில் அந்தப் பாட்டைப் பற்றி ஒருவர் சொன்ன சிறந்த வார்த்தை அதுதான். அடுத்த நாள் சாயங்காலம் துண்டுப் பித்தளையில் ஒரு விரல்தொப்பி கடைந்து, உள்ளே வழவழவென்று பாலிஷ் போட்டு, என் மேசையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் விரலுக்கான அளவு அது.

அயோமி கதையில் என்னை விடாமல் பிடித்துவைத்திருப்பது அடுத்து வருகிற விஷயம். விரல் வலிக்கிறதென்று மெலிந்த கம்பிகளாக மாட்டினார். பிறகு 1971 வாக்கில், முறுக்கைக் குறைத்து மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்ததும் அழுத்துவது சுலபமானது, கூடவே ஒலிக்கு ஒரு கனமும் வந்தது. 'டூம்' என்கிற மெதுவான, கனத்த மெட்டல் என்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற அத்தனையும் அந்தக் கனத்தின் பிள்ளைகள்தான். வலி தாங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. கோபம், சாத்தான், இருட்டு என்று வெளியாட்கள் சொல்வதையெல்லாம் கேட்கும்போது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

2007 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? ஐயர்ன் மெய்டன் குழு பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது சேலம் வழியாக ராத்திரி பஸ்ஸில் போனோம். மெய்டன் ஊருக்கே பொது. ஆனால் ஓசூர் தாண்டும் வரை ஆளுக்கு ஒரு இயர்போனைச் சொருகிக்கொண்டு நாம் கேட்டது மை டையிங் பிரைட் என்கிற டூம் குழுவை. நம் இரண்டு பேருக்கு மட்டுமே சொந்தம் என்று அன்றைக்கு நினைத்தோம். அந்த வயலின் நுழைகிற இடத்தில் நீ என் முழங்கையைப் பிடித்தாய். இங்கிலாந்தின் பிராட்போர்டு ஆட்கள், 1990-ல் தொடங்கினார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பக்கத்து ஹாலிபாக்ஸில் பாரடைஸ் லாஸ்ட் குழு. இரண்டும் கம்பளி மில் ஊர்கள், மில்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட ஊர்கள். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, மில் சங்கு ஊதுவதை வைத்தே நேரம் பார்த்த நம் ஊருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சங்கு நின்றுபோன தெருவில் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று சிங்காநல்லூர்ப் பக்கம் வளர்ந்த உனக்குத் தெரியாதா?

அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களைக் கவனிக்க வேண்டும், அம்மாவைப் பார்க்க வேண்டும், கணக்கு முடிக்க வேண்டும். கருமாதி முடிந்து ஒரு வாரம் இருக்கும். அவினாசிக்குச் சரக்கு இறக்கிவிட்டு ராத்திரி திரும்பி வருகிறேன், வண்டியில் மை டையிங் பிரைட்டின் அந்தப் பாட்டு. முதலில் உறுமல் குரல், பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கிற மெதுவான கிட்டார், அப்புறம் அந்த வயலின். நீலாம்பூர் வருவதற்கு முன் ஓரமாக நிறுத்திவிட்டேன். மாப்ள, விட்டு அழுதேன். பாட்டு முடிந்தும் அழுதேன். பிறகு வண்டியை எடுத்து வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் அப்பாவைப் பற்றி விடிய விடியப் பேசினேன்.

அம்மாதான் அப்போது சொன்னார், சின்ன வயதில் காங்கேயம் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊரில் உடுக்கடித்துப் பாடுகிற அண்ணமார் கதை கேட்க அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாராம். உடுக்கையின் கயிற்றை இறுக்கி இறுக்கித் தளர்த்தி, தங்கை தங்காள் போரில் செத்த அண்ணன்மாரின் உடலைத் தேடி அழுகிற கட்டம் பாடும்போது, அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொள்வாராம். பெரிய ஆம்பளைகள் படுகளச் சடங்கில் செத்தவர்களாக விழுவதும், தண்ணீர் தெளித்ததும் எழுவதும் எனக்கும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. விழுந்தவரை யாரும் கேலி செய்ததில்லை. எனக்கு அந்த இடம் தேவைப்படுகிறது. அது எனக்குக் கிடைத்தது இந்தப் பாட்டில்.

தங்கச்சிக்கு, பாப்பா முன்னால் இதையெல்லாம் கேட்டால் கோபக்காரனாகிவிடுவாய் என்று கவலை என எழுதியிருந்தாய். 2015-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இம்மாதிரி இசை கேட்கிற 39 பேரை வேண்டுமென்றே கோபப்படுத்தி, பாதிப் பேரைச் சும்மா உட்காரவைத்து, மீதிப் பேரை அவரவர் பாட்டைக் கேட்கவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் கோபம் இறங்கியது. பாட்டுக் கேட்டவர்களுக்குக் கூடவே ஒரு தெம்பும் வந்தது. இதைத் தங்கச்சியிடம் சொல். பாப்பா தூங்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொள்.

மற்றபடி மழை பரவாயில்லை, தேங்காய் விலைதான் ஏறிக் கிடக்கிறது. பட்டறையை விற்கச் சொல்லி மாமா சொல்கிறார், எனக்கு மனசில்லை. பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் வீட்டிலிருந்து அங்கே மாற்றிவிட்டேன், அப்பாவின் லேத்துக்கு இரண்டு பக்கமும். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பட்டறைகள் எல்லாம் பூட்டியிருக்கும், எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் வைக்கலாம்.

பொங்கலுக்கு வருவாயல்லவா? பஸ்ஸில் கேட்ட அந்த சிடி என்னிடம்தான் இருக்கிறது. கீறல் விழுந்திருக்கிறது, ஆனால் வயலின் வருகிற பாட்டு நன்றாகவே ஓடுகிறது. உனக்கு எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்