சீட்டுக்காசும் மார்ச் 31-உம்

ஹரோ, 23 மார்ச் 2025, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

நேற்றிரவு நீ போனை வைத்த பிறகு அப்பா படுத்துவிட்டார். எனக்கு நித்திரை வரவில்லை. போனில் கதைத்தால் நீ இடையில் புகுந்துவிடுவாய், நானும் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உன் வீட்டுக் கடனை இழுத்தடிக்கிற வங்கியை நீ திட்டியது எல்லாம் சரி, ஆனால் இந்தத் தாமதத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

உன் வீட்டு டெபாசிட்டுக்கு நாங்கள் தந்த 20,000 பவுணுக்கு வங்கியிடமிருந்து அன்பளிப்புக் கடிதம் கேட்டு வந்தது ஞாபகமா? 'என் பிள்ளைக்குக் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கமாட்டேன், அந்த வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன் என்று வெள்ளைக்காரனுக்கு நான் எழுதிக் கொடுக்க வேணுமோ' என்று அப்பா குதித்தார். அவரைச் சமாதானப்படுத்தும் அவசரத்தில், 'காசு எங்கிருந்து வந்தது' என்ற இடத்தில் 'சேமிப்பு' என்று ஒற்றைச் சொல்லை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். அதில் 8,000 உண்மையாகவே சேமிப்புக் கணக்கில் கிடந்தது. மிச்சம் 12,000 சீட்டுக்காசு.

உனக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் நீ சீட்டு என்றாலே முகம் சுளிப்பாய். 20 பேர், ஆளுக்கு 600, கழிவுச் சீட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, சீட்டு நடத்துகிற அன்ரி வீட்டுக் குசினியில் தேத்தண்ணியும் றோல்ஸும் வைத்து ஏலம் கூறுவோம், அவசரக்காரர் தொகையில் கொஞ்சம் கழித்து முதலில் எடுப்பார்கள், அந்தக் கழிவை மற்றவர்களுக்குப் பிரித்துவிடுவதால் ஒரு மாதம் 540 கட்டுவேன், இன்னொரு மாதம் 575. நான் வாயே திறக்காமல் 20 மாதமும் இருந்து கடைசிச் சீட்டை எடுத்தேன், அதற்குக் கழிவு இல்லை, முழுக்காசு. நவம்பரில் அன்ரி அதை நாலாயிரம் நாலாயிரமாக மூன்று நாளில் என் கணக்குக்கு அனுப்பினார்.

வங்கிக்காரர் கண்ணால் பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். 'சேமிப்பு' என்று எழுதிய அம்மாவின் கணக்கில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மூன்று நாளில் 12,000! வீட்டுப் பத்திரங்களைப் பார்க்கிற உன் சொலிசிட்டர் அதை மறைக்க முடியாது, டெபாசிட்டில் யாருடைய காசு இருக்கிறது என்று வங்கிக்கு அறிவிக்க வேண்டியது அவருடைய கடமை. அதில் எனக்குக் கோபமில்லை. கோபம் என்னவென்றால், ஜனவரியில் கொடுத்த ஸ்டேட்மென்டை இரண்டு மாதம் கிடப்பில் போட்டுவிட்டு, வீடு மாற ஒன்பது நாள் இருக்கும்போது 19-ம் திகதிதான் 'இது என்ன காசு' என்று கேட்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டிருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிந்திருக்கும்.

சரி, நான் செய்ததைக் கேள். அன்ரியின் சிவப்புக் கொப்பியில் 20 மாதத்துப் பக்கங்களையும் தம்பி ஸ்கேன் பண்ணினான். என் ஸ்டேட்மென்டில் மாதாமாதம் நான் கட்டிய தொகைகளை மஞ்சள் பேனாவால் அடையாளமிட்டேன், 540 என்றால் கொப்பியிலும் 540, ஒன்றுகூடப் பிசகவில்லை. (அன்ரி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கணக்கைப் பார், கணக்காளர் தோற்றுப்போவார்.) அன்ரியிடம் கடிதமும் பாஸ்போர்ட் பிரதியும் கேட்டபோது மட்டும் முகம் மாறிவிட்டது. 'எனக்கு ஏதும் பிரச்சினை வருமோ பிள்ளை' என்று மூன்று தரம் கேட்டார், பிறகு கையெழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் நேற்றே சொலிசிட்டருக்கு அனுப்பியாயிற்று. சீட்டு என்றால் என்ன என்று அவருக்கு அரைப் பக்கத்தில் விளக்கமும் எழுதினேன், அதைத் தம்பி இங்கிலீஷில் திருத்தினான்.

இப்போது அந்த முத்திரை வரி விஷயம். ஏப்ரல் 1-லிருந்து முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு வரியில்லாத எல்லை 425,000-லிருந்து 300,000-க்கு இறங்குகிறது. உன் வீடு 385,000. 31-ம் திகதி திங்களுக்குள் திறப்பு கைக்கு வந்தால் வரி இல்லை, ஒரு நாள் பிந்தினாலும் மேலதிக 85,000-க்கு 5 சதவீதம், 4,250 பவுண். இந்தத் திகதிக்காக ஊரே ஓடுகிறது, அதனால்தான் எந்த வங்கியும் எந்தச் சொலிசிட்டரும் போனை எடுப்பதில்லை. வங்கி நாளைக் காலையே சரி என்று சொன்னாலும், காசை அனுப்பச் சொல்லிச் சொலிசிட்டர் சான்று கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு ஐந்து வேலைநாள் என்கிறார்கள். எண்ணிப் பார், சரியாக 31-ல் போய் நிற்கிறது. 28 வெள்ளிக்கிழமையை மறந்துவிடு.

அந்த 4,250-ஐ நாங்களே தந்துவிடலாம் என்று அப்பாவும் நானும் கதைத்தோம். அப்புறம்தான் உறைத்தது, அதற்கும் ஒரு அன்பளிப்புக் கடிதம் கேட்பார்கள், வங்கி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம்.

நேற்று நீ சொன்ன ஒரு விஷயம்தான் என் வயிற்றைக் கலக்கியது. 'இப்போதே எக்ஸ்சேஞ்ச் பண்ணிவிடுங்கள், வங்கி எப்படியும் தரும்' என்று வீட்டு ஏஜென்ட் சொன்னானாமே. எக்ஸ்சேஞ்ச் என்றால் இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக் கட்டுப்பட்டுவிடுவது. மகள், அவன் உன் ஆள் இல்லை. அவனுக்குக் கூலி கொடுப்பது விற்கிறவர். ஊரில் அம்மப்பா காணி வாங்கியது நொத்தாரிசு வீட்டு விறாந்தையில், இரண்டு சாட்சி வந்து கையெழுத்துப் போட, அன்றைக்கே உறுதி முடிந்துவிட்டது. இங்கே அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் யாரும் யாரையும் விட்டுப் போகலாம், அது அந்தரம்தான், ஆனால் நீயும் விட்டுப் போகலாம். எக்ஸ்சேஞ்ச் ஆனபின் வங்கி கைவிரித்தால், விற்கிறவர்கள் நோட்டீஸ் தருவார்கள், அதிலிருந்து பத்து வேலைநாள், அதற்குள்ளும் காசு வராவிட்டால் பத்து சதவீத டெபாசிட் போய்விடும். உனக்கு அது 38,500. எங்கள் சீட்டும் சேமிப்பும், நீயும் மருமகனும் ஐந்து வருஷமாக இரவு வேலை செய்து சேர்த்த 18,500-உம். 4,250-ஐக் காப்பாற்ற 38,500-ஐ வைத்துச் சூதாடாதே. வங்கி எழுத்தில் சரி என்று சொல்லும்வரை எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், யார் கத்தினாலும் சரி.

2004-ல் வெம்பிளி பிளாட்டை விற்று இந்த வீட்டுக்கு வந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் என்று தெரியாது, உனக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அதற்கு முன்பே வெளிக்கிட வேண்டும் என்று அப்பா விடியவே வேனை நிரப்பிவிட்டார். சாமிப்படப் பெட்டியைக் கீழே வைக்கக்கூடாதென்று மாமா முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ராகுகாலம் பார்த்த எங்களுக்கு, ஒப்பந்தத்தில் இரண்டு மணி என்று ஒரு காலம் இருப்பது தெரியாது. இரண்டுக்குள் காசு போய்ச் சேராவிட்டால் அடுத்த வேலைநாள் கணக்கு, வெள்ளி என்றால் திங்கள். எங்கள் பிளாட்டை வாங்கின பெடியனின் வங்கி காசை அனுப்பவில்லை. அவன் காசு வராமல் நாங்கள் கொடுக்க முடியாது, நாங்கள் கொடுக்காமல் இந்த வீட்டுக்காரர் போக முடியாது, அவர்களும் வாசலில் லொறியோடு நின்றார்கள். நாலரை மணி வரை மாமா அந்தப் பெட்டியை இறக்கவே இல்லை. பிறகு எல்லோரும் மாமா வீட்டில் மூன்று இரவு, நீ படிக்கட்டில் இருந்து ஃபிஷ் அன்ட் சிப்ஸ் சாப்பிட்டு, இது சுற்றுலா என்று நினைத்தாய். திங்கள் பதினொன்றரைக்குத் திறப்பு வந்தது. வீட்டுக்காரரின் லொறிச் செலவும் வட்டியும் எங்களிடம் கேட்டு, எங்கள் சொலிசிட்டர் அதை அந்தப் பெடியனிடம் கேட்டார். அவன் முகத்தை ஒருமுறைதான் பார்த்தேன், பாவம், கலியாணம் முடித்து இரண்டு மாதம். ஒருவர் காசை ஒருவர் நம்பி நிற்கிற அந்தச் செயினின் அடியில் நின்றவன் அவன். இப்போது அந்த இடத்தில் நீ நிற்கிறாய்.

அதனால் உனக்கு வீட்டை விற்கிற குடும்பத்துக்கும், அதற்கு மேலே இருக்கிற பெட்ஃபோர்ட் கிழவருக்கும் நீயே இரண்டு வரி எழுதி ஏஜென்ட் மூலம் கொடு: வங்கி கேட்டது இது, கொடுத்தது இந்தத் திகதியில், பதில் எதிர்பார்ப்பது இந்தத் திகதியில். ஒன்றும் தெரியாமல் காத்திருப்பவர்தான் வீட்டைத் திரும்பச் சந்தையில் போடுவார். வங்கி உனக்குத் தந்த கடன் ஓஃபர் ஏப்ரல் 30 வரை செல்லுபடியாகும், அதையும் சொல்லு.

வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே வீட்டுக்காரரோடு கதைத்து ஒரு மாதம் நீட்டு. அந்தச் சாம்பல் நிறச் சோபாவைத் தவணைக்கு எடுக்காதே, காசை விடுவதற்கு முன் வங்கி இன்னொரு தரம் உன் கிரெடிட்டைப் பார்க்கக்கூடும், சோபாவுக்காக வீட்டை இழந்தவளென்று அன்ரிமார் கதைப்பார்கள். தரையில் இருந்து சாப்பிடுவோம். நாளை ஒன்பது மணிக்கு வங்கியின் பொது நம்பரில் நிற்காமல் கடன் புரோக்கரை எடு, கோப்பைப் பார்க்கிறவரோடு அவரால்தான் நேரே கதைக்க முடியும். அப்புறம் எனக்கு எடு.

பால் காய்ச்சுகிற பானையை மினுக்கி வைத்திருக்கிறேன், ஏப்ரலில் என்றாலும் பரவாயில்லை. அன்ரி நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார், மே மாதம் புதுச் சீட்டுத் தொடங்குகிறாராம், உன் பெயரையும் போடவா என்று. வீடு கைக்கு வரட்டும் அக்கா, அதுவரைக்கும் என் பிள்ளையின் பெயரை அந்தக் கொப்பியில் எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா