அரை உருண்டை களியும் போர்டில் வரட்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஓட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிறிய ஓட்டலும் மெஸ்ஸும் நடத்துகிறவர்களுக்கும், அவற்றின் சமையல் மாஸ்டர்களுக்கும், சப்ளையர்களுக்கும் வணக்கம்.

தொப்பூர் கணவாயிலிருந்து ஓசூர் வரை சாலையோரம் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் பரோட்டா, பிரியாணி, தோசை என்று ஒரே வரிசைதான் ஒப்பிக்கப்படுகிறது. இந்த மண்ணின் சாப்பாடான கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும் கொள்ளுச் சாறும் கேட்டால்தான் வரும், பல கடைகளில் கேட்டாலும் வராது. 2023-இல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே கேழ்வரகு ரகமும் சாமை ரகமும் இருக்கின்றன. வயலிலும் ரேஷனிலும் இருக்கிற தானியம் ஓட்டல் இலைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

"போட்டுப் பார்த்தோம், ஓடவில்லை" என்று உங்களில் பலர் சொல்வது எங்களுக்குத் தெரியும். ஓடாததற்குக் காரணம் களியில் இல்லை. அதைப் பரிமாறிய அளவிலும், கிண்டிய பக்குவத்திலும், வைத்திருந்த நேரத்திலும் இருக்கிறது. மூன்றையும் சரிசெய்யலாம்.

முதலில் அளவு. களியே தின்றறியாத ஒருவர் முன்னால் கால் கிலோ உருண்டையை வைத்து முழு விலை கேட்டால் அவர் அடுத்த முறை தோசைக்குப் போய்விடுவார். பிடிக்காவிட்டால் காசும் போய்ப் பசியும் தீராதே என்ற கணக்குதான் யாரையும் புதுப் பண்டத்தைத் தொடவிடாமல் தடுக்கிறது. ஆகவே 125 கிராமில் அரை உருண்டை, ஒரு கரண்டி குழம்பு, ஒரு கரண்டி கீரைக் கடைசல் என்று தனி விலையில் வையுங்கள். முழுத் தட்டு 80 ரூபாய் என்றால் அரைத் தட்டு 45 ரூபாய். கூடுதலாக வரும் 5 ரூபாய் குழம்புக்கும் தட்டுக் கழுவும் கூலிக்கும் ஈடாகிவிடும். நான்கு பேர் வரும் மேசையில் மூன்று பேர் வழக்கமான சாப்பாடும் ஒருவர் அரை உருண்டையும் கேட்டால் அதுவே நல்ல தொடக்கம். அந்த உருண்டையிலிருந்து மற்ற மூவரும் ஆளுக்கொரு கிள்ளு எடுப்பார்கள்.

இனி பக்குவம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கெடுவது இங்கேதான்.

ஒரு கிலோ மாவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர், 150 கிராம் அரிசி நொய். மில்லில் அரைத்து வந்த மாவைச் சூட்டோடு டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும். தாளில் பரப்பி ஆறவிட்டுத்தான் எடுத்துவைக்க வேண்டும். அடி கனமான குண்டானில் நொய்யைப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். சோற்றுக்குப் போடுவதில் கால் பங்கு உப்பு போதும், சிலர் போடுவதே இல்லை. நொய் வெந்ததும் அரை லிட்டர் கொதிநீரைச் சொம்பில் மொண்டு தனியே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். இந்த நேரத்தில் கிண்டவே கூடாது. துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு குழி போட்டு, மூடி, சிறு தீயில் எட்டிலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். அடியில் கொதிக்கும் தண்ணீர் அந்தக் குழி வழியே பொங்கி மேலேறி மாவை நனைத்து வேகவைக்கும். அவசரத்தில் மாவு கொட்டியவுடன் துடுப்பைச் சுழற்றினால் வெளிப்புறம் பசையாகி, உள்ளே வறண்ட மாவு சிறு சிறு கட்டிகளாகச் சிக்கிக்கொள்ளும். பிட்டுப் பார்த்தால் வெள்ளைப் பொடி தெரியும். புதிதாகச் சாப்பிடுகிறவர் நாக்கில் ஒருமுறை அந்தப் பச்சை மாவு பட்டுவிட்டால் பிறகு எந்தக் குழம்பாலும் அவரைத் திரும்பக் கூட்டிவர முடியாது.

மாவு வெந்ததும் குண்டானை இறக்கி, அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். இறுகினால் சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் கூழாகிவிடும். மறுபடி மூடிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் புழுங்கவிட்டு ஒரு கிண்டு கிண்டி இறக்குங்கள். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இந்த அளவில் ஏறக்குறைய மூன்று கிலோ களி வரும்: கால் கிலோ உருண்டையாகப் பன்னிரண்டு, அரை உருண்டையாக இருபத்து நான்கு.

பிடித்த உருண்டைகளை ஈரத்துணி விரித்த ஹாட்பாக்ஸில் வையுங்கள். ஒரு மணி நேரம் அருமையாக இருக்கும், இரண்டு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் தோல் காய்ந்து வெடிக்கும். காலையில் கிண்டியதை மூன்று மணிக்குச் சுடுதண்ணீர் தெளித்துத் தருவதுதான் களிக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு ஈடு, கூட்டம் இருந்தால் ஒன்றரைக்கு இன்னொரு ஈடு என்று வைத்துக்கொண்டு, போர்டில் "களி 12.30 முதல் 2.30 வரை" என்று எழுதிவிடுங்கள். தீர்ந்துபோனால் தீர்ந்தது என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை. மிஞ்சினால் கொதித்து ஆறிய தண்ணீரில் போட்டு மண்பானையில் மூடிவையுங்கள். மறுநாள் காலை மோர் ஊற்றிக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு கூழாகத் தரலாம். அதையும் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

களியில் உப்பும் பெரிதாக இல்லை, புளிப்பும் இல்லை. ஆகவே சோற்றுக்கு வைக்கும் குழம்பை அப்படியே ஊற்றினால் சப்பென்று இருக்கும். காரமும் புளியும் ஒரு பிடி தூக்கலாக இருக்கட்டும். உருண்டையைத் தோய்த்தால் வழிந்தோடாமல் மேலே படிகிற அளவுக்குக் குழம்பு இறுகியிருக்க வேண்டும். கருவாட்டுக் குழம்பு என்றால் கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து மூன்று நான்கு தண்ணீரில் மணல் போகக் கழுவி, உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் பச்சை மொச்சையும் அவரையும் சந்தையில் குவியும்போது அவற்றைவிட நல்ல துணை கிடையாது. கீரையைத் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் ஓடவிட்டால் நுரைத்து வழவழவென்று ஆகிவிடும், கடைசலின் ருசியே போய்விடும். சைவக்காரர்கள் கீரையை நம்பித்தான் களி கேட்பார்கள். கருவாட்டுக் கரண்டியை அதில் விடாதீர்கள்.

கொள்ளில் ஒரு வேலைக்கு இரண்டு பலன். கால் கிலோ கொள்ளை இரவே ஊறப்போட்டு, மறுநாள் இரண்டு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வடித்த தண்ணீர் ரசமாகிவிடும், வெந்த கொள்ளைப் பூண்டு, மிளகாயோடு கடைந்தால் தொட்டுக்கொள்ள ஆகும். ரசத்தைச் சிறு டம்ளரில் முதலில் கொடுத்துப் பாருங்கள். காசு வாங்க வேண்டாம். அதைக் குடித்தவர் அடுத்து என்ன இருக்கிறது என்று அவராகவே கேட்பார்.

சாமையில் பெரிய சிக்கல் கல். மூன்று முறை அரித்தெடுக்காமல் உலையில் போடாதீர்கள். அரைமணி ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரை பங்கு கொதிநீரில் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். தீயை அணைத்து இன்னொரு பத்து நிமிடம் மூடிவையுங்கள். சுடச்சுடக் கிளறினால் பிசினாகும். ஆறினால் விறைக்கும் என்பதால் மதியத்துக்குள் விற்காத சாமையைத் தயிர்ச் சோறாக மாற்றிவிடுவது நல்லது, தயிரோடு அது அரிசியைவிட நன்றாகவே சேரும்.

ஒகேனக்கல்லில் மீன் சமைத்துத் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சொல்லும் விலை முழு மீனுக்கா, சுத்தம் செய்த மீனுக்கா என்பதை எடை போடும்போதே சொல்லிவிடுங்கள். செதிலும் குடலும் தலையும் போனால் கிலோவில் கால் பங்குக்குமேல் குறைந்துவிடும். இது தெரியாதவர் ஏமாந்ததாக நினைத்துப் போகிறார். கெண்டை வகையில் முள் அதிகம் என்பதைக் குழந்தைகளோடு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொன்னால் அவர்கள் முள் குறைந்த மீனாகப் பார்த்து எடுப்பார்கள். கறுத்துப் புகையும் எண்ணெயை அன்றே கொட்டிவிடுங்கள். புது எண்ணெயில் பொரித்த மீனை வாசனையிலேயே கண்டுகொள்வார்கள்.

சப்ளையர் தம்பிகளுக்கும் அக்காக்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். "களி எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்பது பதிலாகாது. "உப்பில்லாம இருக்கும், சின்னதா கிள்ளி, கட்டை விரலால குழி பண்ணி, குழம்புல தோய்ச்சு முழுங்கணும், மென்னா பல்லுல ஒட்டும்" என்று சொல்லுங்கள். குழம்பில் கருவாடு இருக்கிறதா, சட்னியில் நிலக்கடலை இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதற்குமுன் சொல்லிவிடுங்கள். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஓசூர்ப் பக்கம் கடை என்றால் போர்டில் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒரு வரி சேருங்கள். களிக்குக் கன்னடத்தில் வழங்கும் முத்தே என்ற பெயரை எழுதினாலே கர்நாடகத்து லாரிக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டுவார்கள்.

பார்சலுக்குப் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, சூட்டுக்கும் அது ஆகாது. வாட்டிய வாழையிலையில் மடித்த உருண்டை வீடு போய்ச் சேரும்வரை மிருதுவாகவே இருக்கும்.

வாரம் முழுதும் போட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கூட்டம் குறைந்த செவ்வாயும் வியாழனும் ஒரு கிலோ மாவில் தொடங்குங்கள். எத்தனை அரை உருண்டை போயிற்று, தட்டில் எவ்வளவு மிஞ்சித் திரும்பியது என்பதைக் கல்லாவில் ஒரு நோட்டில் எட்டு வாரம் குறித்து வாருங்கள். களி மிஞ்சினால் பக்குவத்தைப் பாருங்கள், குழம்பு மிஞ்சினால் புளியையும் காரத்தையும் பாருங்கள். மாவையும் மாஸ்டரையும் மாற்றாமல் ஒரே கையில் இந்த எட்டு வாரமும் நடக்கட்டும். செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் களியும் சாமையும் சமைக்கிற, வெளியில் தேடிச் சாப்பிடுகிற உங்கள் வாடிக்கையாளர்கள்