ஏற்காடு பஸ்ஸில் ஜாம்பி ஏற்றப் போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய ஒன்லைனைப் படித்தேன். அடிவாரத்தில் பஸ் கிளம்புகிறது, உள்ளே ஒருவனுக்கு ஜாம்பிக் கடி, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பது படம். கீழே 'அந்தக் கொரியப் படம் மாதிரி, ஆனா நம்ம ஊர்ல' என்று ஒரு வரி. ஓடும் ரயிலுக்குள் ஜாம்பி புகும் 'ட்ரெயின் டு பூசான்' படத்தைத்தான் சொல்கிறாய் என்று புரிந்தது. நேரில் சொல்லலாம் என்றால் அக்கா நடுவில் புகுந்து "புள்ள ஆசைப்படறான், நீ ஏண்டா கெடுக்கற" என்பாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். உன்னைப் போல ரீமேக் ஆசையில் இருக்கிற நாலு பேர் படித்தாலும் நல்லதுதான்.

புரொடியூசர் கொரியப் படத்தின் ரைட்ஸ் விலையை விசாரிக்கிறார் என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தின் கதைக்குத்தான் விலை. ஜாம்பிக்கு விலை கிடையாது. அதற்குக் காரணம் ஒரு டைட்டில் கார்டு. 1968இல் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை வைத்துக்கொண்டு, ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார்கள். முதலில் வைத்த பெயர் வேறு. விநியோகஸ்தர் பெயரை மாற்றினார். பழைய டைட்டிலைத் தூக்கியபோது அதோடு இருந்த காப்பிரைட் வரியும் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த வரி இல்லையென்றால் உரிமை இல்லை. படம் ஊர்ச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரிண்ட் போடலாம், டிவியில் காட்டலாம், கேசட் விற்கலாம். எடுத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

இன்று உலகத்தில் ஓடுகிற, நடக்கிற, கடிக்கிற ஜாம்பிகள் எல்லாம் பெரும்பாலும் அந்தப் படத்தின் வாரிசுகள். செத்தவன் எழுந்து வருவான், மனித மாமிசம் தின்பான், மண்டையில் அடித்தால்தான் விழுவான் என்ற சட்டதிட்டமெல்லாம் அங்கே வகுத்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் ஜாம்பி என்ற பெயரையே யாரும் சொல்வதில்லை. ரொமேரோவும் வானத்திலிருந்து பறிக்கவில்லை. ரிச்சர்ட் மாத்தேசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவல்தான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்த நாவலும் 1964, 1971, 2007 என்று மூன்று தடவை படமானது.

நான் கேசட் கடை வைத்திருந்த காலத்தில், படத்தை எடுத்துப்போய் அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, "இதை ஏற்கனவே பாத்துட்டேன்ணா" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பார்த்திருக்க மாட்டார்கள். அதே கதையின் வேறொரு பதிப்பைப் பார்த்திருப்பார்கள். 1968 படத்தை 1990இல் ரீமேக் செய்தார்கள். மேக்கப் மன்னன் டாம் சவினி இயக்கம், ரொமேரோவே திரைக்கதை. முதல் படத்தில் கைவிட்டுப் போன உரிமையையும் பணத்தையும் கொஞ்சமாவது மீட்கும் கணக்கும் அதில் இருந்தது. 2006இல் 3டியில் ஒன்று வந்தது. கறுப்பு வெள்ளைக்குக் கலர் பூசிய பதிப்புகள் தனி. ரொமேரோவின் ஜாம்பி வரிசையில் மூன்றாவது படமான 'டே ஆஃப் தி டெட்'டுக்கு 2008இல் ஒரு ரீமேக், 2018இல் இன்னொன்று. இரண்டையும் பற்றிப் பேச ஒன்றுமில்லை, மேலே போகலாம்.

1990 பதிப்பை மட்டும் நீ கட்டாயம் பார். முதல் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார். 1968 படத்தில் நாயகன் பென் ஒரு கறுப்பர், டுவேன் ஜோன்ஸ் நடித்தார். இரவு முழுக்கப் பிணங்களோடு போராடி, அந்த வீட்டில் தப்பிக்கும் ஒரே ஆள் அவன்தான். விடிந்ததும் துப்பாக்கியோடு வரும் கும்பல் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட வருடத்தில் வந்த படம் இது. தியேட்டரில் இருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும், யோசி. ரீமேக்கில் பென் செத்து அவனே ஜாம்பி ஆகிவிடுகிறான். அப்புறம் சுடப்படுவதில் என்ன அநியாயம் இருக்கிறது? பார்பராவைத் தைரியசாலியாக மாற்றியது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் கதையின் முள்ளைப் பிடுங்கிவிட்டார்கள்.

2004இல் ஸாக் ஸ்னைடர் எடுத்த 'டான் ஆஃப் தி டெட்' உனக்குப் பிடித்த படம் என்று தெரியும். முதல் பத்து நிமிடம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 1978இல் ரொமேரோ அதே கதையை எடுத்தபோது மன்ரோவில் என்ற ஊரின் நிஜ ஷாப்பிங் மாலில், கடைகள் சாத்திய பிறகு ராத்திரியில்தான் ஷூட்டிங். கிறிஸ்துமஸ் அலங்காரம் தொங்கிய நாட்களில் படப்பிடிப்பையே நிறுத்தி வைத்தார்கள். அந்தப் படத்தில் பிணங்கள் ஷாப்பிங் மாலைத் தேடி வருவது பழக்கத்தில். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு அதுதான் முக்கியமான இடம். ஸ்னைடரின் ஜாம்பிகள் பிரமாதமாக ஓடுகின்றன, மால் வெறும் கோட்டையாக நிற்கிறது.

சரி, மாமா ரீமேக்குக்கே எதிரி என்று முடிவு கட்டிவிடாதே. சேலத்துக்காரன் அப்படிப் பேசினால் பாவம். ஏற்காடு போகும் வழியில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ், அதை நடத்திய டி.ஆர்.சுந்தரம் வெளிநாட்டுக் கதைகளை எடுத்து நம் ஊருக்குத் தைத்துக் கொடுத்தவர். அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதைதான் 1940இல் இங்கே 'உத்தம புத்திரன்' ஆனது. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். அதே கதையும் பெயரும் 1958இல் சிவாஜியோடு மறுபடி வந்து ஓடியது. 1952இல் ஒரு அமெரிக்கக் கம்பெனியோடு கூட்டாக 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் செய்தார்கள். அழிந்துபோன மம்மத் யானைகள் காட்டில் திரும்ப வந்துவிடும் கதை. கம்ப்யூட்டர் இல்லாத காலம், நிஜ யானைகளுக்கு முடிப் போர்வை போர்த்தி ஓடவிட்டார்கள். செத்துப்போன ஜாதி எழுந்து வரும் படத்தை உன் தாத்தா காலத்திலேயே சேலம் கம்பெனி எடுத்தாயிற்று.

ஆகவே என் சண்டை வேறு. எந்த இடத்துக்கு எந்தப் பயம் சொந்தம் என்று பார்க்காமல் தூக்கி வருகிறாயே, அதோடுதான். 2014இல் தென் கொரியாவில் செவோல் என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது "இருந்த இடத்தில் இருங்கள்" என்று அறிவிப்புச் செய்தார்கள். 300க்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அடுத்த வருடம் மெர்ஸ் காய்ச்சல். 2016இல் யோன் சாங் ஹோ எடுத்த 'ட்ரெயின் டு பூசான்' படத்தில், வெளியே ஊர் எரியும்போது டிவியில் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார்கள். கொரியாக்காரன் அதைப் பார்த்து எதை நினைத்திருப்பான்? இன்னொன்று, 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ரயிலிலிருந்து யாரும் இறங்க முடியாது. சேலத்திலிருந்தே கணக்குப் போட்டாலும் உன் பஸ் மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர்தான் போகிறது. வளைவில் முதல் கியரில் முக்கி ஏறும்போது பாதிப் பேர் ஜன்னல் வழியாகக் குதித்து, நடந்தே அடிவாரம் வந்துவிடுவார்கள். கண்டக்டர் ஜாம்பியிடமும் டிக்கெட் கேட்பார். காமெடிப் படம் என்றால் சொல், மொத்தத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மலையும் ஜாம்பியும் தமிழுக்குப் புதிதும் இல்லை. கொரியப் படம் வருவதற்குச் சில மாதம் முன்பே ஜெயம் ரவி ஊட்டியில் டிராஃபிக் போலீஸாக 'மிருதன்' வந்துவிட்டது. 2021இல் தெலுங்கில் வந்த 'ஜாம்பி ரெட்டி' கர்னூல் பக்கத்துக் கோஷ்டிச் சண்டைக்குள் ஜாம்பியை இறக்கிவிட்டது. அரிவாளோடு அலைகிற ஊரில் கடிக்கிறவன் யார், வெட்டுகிறவன் யார் என்று குழம்புவதே பாதிச் சிரிப்பு. அது அந்த மண்ணுக்குப் பொருந்தியது.

மேக்கப்புக்கு நீ ஒதுக்கியிருக்கும் தொகையைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தேன். மகா சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காளி வேஷம் கட்டிச் சுடுகாடு வரை போகும் ஊர்வலத்தை, இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்று பார்க்கிற பாட்டிகள் இருக்கிற ஊரில், ரப்பர் தோலும் சிவப்புச் சாயமும் யாரைப் பயமுறுத்தும்?

ரீமேக்தான் செய்வேன் என்று அடம் பிடித்தால், யாரும் சீந்தாத ஒன்றைச் சொல்கிறேன். 1932இல் 'வொயிட் ஜாம்பி' என்று ஒரு படம், பெலா லுகோசி வில்லன். அதில் ஜாம்பி யாரையும் தின்பதில்லை. வேலை செய்கிறது. ஹைத்தியில் ஒரு சர்க்கரை ஆலை. செத்தவர்களை எழுப்பிச் செக்கு சுற்ற விட்டிருக்கிறான் முதலாளி. ஒருவன் தவறி அரவை இயந்திரத்துக்குள் விழுகிறான். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நான் பார்த்த எந்த ஜாம்பிப் படத்திலும் அதைவிடப் பயங்கரமான காட்சி கிடையாது. ஹைத்தி மக்கள் கரும்புத் தோட்டத்து அடிமைகளின் வாரிசுகள். செத்தாலாவது விடுதலை என்று இருந்தவனுக்கு, செத்த பிறகும் தோட்டத்துக்கு ஆள் எண்ணிக்கையில் நிற்க வேண்டும் என்பதுதான் பயம். வில்லியம் சீப்ரூக் என்ற அமெரிக்கர் 1929இல் அந்தக் கதைகளைத் தன் புத்தகத்தில் எழுதி ஊருக்கெல்லாம் பரப்பினார்.

அதில் ஒரு விஷயம் என்னைத் தூக்கிப்போட்டது. ஜாம்பிக்கு உப்பில்லாமல்தான் சோறு போட வேண்டுமாம். நாக்கில் உப்புப் பட்டால் தான் செத்தவன் என்று அதற்குத் தெரிந்துவிடும், வேலையைப் போட்டுவிட்டுத் தன் குழியைத் தேடிப் போய்விடும். "உப்புப் போட்டுத்தானே சோறு திங்கற, ரோஷம் இல்லையா?" என்று திட்டு வாங்கி வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை எதற்கு?

இப்போது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையைப் பார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடி அங்கே இன்றும் நிற்கிறது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறும் மிளகு, டிசம்பர் ஜனவரியில் பழம் பறிப்பு. பறிப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று எஸ்டேட்காரர்கள் புலம்பாத வருடம் உண்டா? உன் படத்தில் ஒரு தோட்டத்தில் மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. விடியும் முன்பே பனிமூட்டத்துக்குள் வரிசையாகக் கூடையோடு நிற்கிறார்கள். யாரும் கூலி கேட்பதில்லை. சமையல்காரி புதுசு, கஞ்சியில் ஏன் உப்புப் போடக்கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாதை அடைபடுவதற்கும் வைரஸ் வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றதே, அது போதும்.

பிடித்தால் எடுத்துக்கொள், மாமாவுக்கு ரைட்ஸ் எல்லாம் வேண்டாம். லொகேஷன் பார்க்க மே மாதம் வராதே, கோடை விழாக் கூட்டத்தில் ஏரிக்கரையில் நிற்க இடம் இருக்காது. பறிப்பு நடக்கும்போது வந்து ஒரு வாரம் தங்கு. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் பேசு. மேஸ்திரிகளிடம் பேசு. கேமராவை மட்டும் முதல் நாளே எடுத்து நீட்டாதே. புரொடியூசர் கட்டாயம் ஒரு பாட்டுக் கேட்பார், அதை ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துவிடு. பஸ் கதையை அவருக்கு அனுப்பிவிட்டாயா, இல்லையா என்று மட்டும் இன்று ராத்திரிக்குள் போன் செய்து சொல்.

இப்படிக்கு,
உன் மாமா,
சேலம்