தேவசகாயத்தின் துணிவு எதற்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனவரி 14, விசுவாசத்துக்காக உயிர்நீத்த மறைசாட்சி புனித தேவசகாயத்தின் திருநாள். பொங்கல் வேலைகளுக்கு நடுவிலும் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலைக்கும், அவருடைய கல்லறை இருக்கும் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்துக்கும் மக்கள் வருகிறார்கள். நான் கேட்டுவரும் மறையுரைகளில், அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றதும், அடிபட்ட புண்ணில் மிளகாய்ப் பொடி தூவியதும், 1752இல் அந்தக் காற்றாடிமலைமேல் சுட்டுக் கொன்றதும் உருக்கமாகச் சொல்லப்படுகின்றன. அந்தப் பாடுகள் எதனால் வந்தன என்பது மட்டும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

தேவசகாயத்தின் இயற்பெயர் நீலகண்டன். நட்டாலத்தில் 1712இல் பிறந்த அவர், செல்வாக்குள்ள நாயர் குடும்பத்தவர். பத்மநாபபுரம் அரண்மனைப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குத் தளபதியான டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி டிலனாயின் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். சாதி வேற்றுமையின்றி மனிதர் யாவரும் சமம் என்று அவர் வலியுறுத்திப் போதித்ததே மேல்குடியினரின் பகையை மூட்டியது என்றும், அதனால் 1749இல் கைது செய்யப்பட்டார் என்றும் வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. பிறப்பால் வந்த மதிப்பைத் தாமே கீழே இறக்கி வைத்துவிட்டு, தீண்டத்தகாதவர் எனப்பட்டவர்களோடு ஒன்றாய் நின்றதுதான் அவர் காட்டிய முதல் துணிவு. துப்பாக்கிக்கு முன் நின்றது அதன் தொடர்ச்சி.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த கோயிலில் வேளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிப் பக்கம் பிரித்து நடுவே சுவர் வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கலங்குகிறது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதியைச் சொல்லிக் கோயிலில் தனியிடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது. அங்கே விசுவாசத்தை எதிர்த்து நின்றவர்கள் அரசனோ அந்நியரோ அல்லர். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கியவர்கள்.

இதை எழுத எனக்கும் ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோயில் பங்கின் மக்கள் பிரதிநிதிகள் கூடும் ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்தில், திருவிழாச் சப்பரம் தங்கள் தெருவுக்கும் வரவேண்டும் என்று தலித் கிறிஸ்தவர் ஒருவர் எழுந்து கேட்டார். வழக்கத்தை மாற்றினால் பிரச்சினை வரும் என்று சிலர் சொல்ல, பேச்சு அத்தோடு நின்றது. அவர் கேட்டது நியாயம் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. என்னை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். சொந்தக்காரர் சிலர் முகம் திருப்பியிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிறு இழப்புக்கே அஞ்சிய நான், காற்றாடிமலையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை விட்டுவிட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் தனிக் கல்லறைப் பகுதியும் சில தெருக்களை ஒதுக்கிய சப்பரப் பாதையும் இன்னும் இருக்கிற பங்குகளில், அவர் திருநாளைக் கொண்டாடும் முன் பேரவை கூடி இவற்றை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அப்படியொரு கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டால், அவருக்குப் பக்கத்தில் நானும் எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு கத்தோலிக்க வாசகர்,
நாகர்கோவில்.